கல்லூரி வாயிலில் மதிப்பெண்ணும் பணமும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் ஊரெங்கும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு மார்க்?" ஒரு வாரம் சென்றதும் கேள்வி மாறிவிடும்: "எந்தக் கல்லூரி? எவ்வளவு செலவாகும்?" முதல் கேள்விக்கு விடை ஓர் எண். இரண்டாம் கேள்விக்கும் விடை ஓர் எண்தான். இவ்விரண்டு எண்களும் எங்கே சந்திக்கின்றன? நல்ல மதிப்பெண் இருந்தால் பணத்தைப் பற்றிக் கவலை வேண்டியதில்லையா? வீட்டில் பணமில்லை என்று விண்ணப்பத்தில் எழுதினால் இடம் மறுக்கப்படுமா?

இக்கேள்விகளுக்குப் பலர் பலவிதமாக விடை கூறுவர். நாம் வதந்திகளை ஒதுக்கிவிட்டு, கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். நான் கற்பிப்பது இயற்பியல். அளவீடு என்பது அப்பாடத்தின் உயிர். ஆகவே கல்லூரிச் சேர்க்கையையும் ஓர் அளவீட்டு முறையாகவே கருதி ஆராய்வோம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையை முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மூன்று பாடங்கள், ஓர் எண்

பொறியியல் சேர்க்கைக்கு நீங்கள் பெற்ற மொத்த மதிப்பெண் பயன்படுவதில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களின் மதிப்பெண்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. இதனையே 'கட்-ஆஃப் மதிப்பெண்' என்று எல்லோரும் சொல்கிறோம்.

செல்வி, முருகன் என்று இரு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். செல்வி கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 பெற்றிருக்கிறாள். அவளுடைய எண் 92 + 42 + 44 = 178. முருகன் கணிதத்தில் 86, இயற்பியலில் 92, வேதியியலில் 92 பெற்றிருக்கிறான். அவனுடைய எண் 86 + 46 + 46 = 178. இருவரும் சமம்!

மூன்று பாடங்களையும் அப்படியே கூட்டிப் பாருங்கள். செல்விக்கு 264, முருகனுக்கு 270. முருகன் 6 மதிப்பெண் அதிகம் பெற்றிருந்தும் செல்விக்குச் சமமாகவே நிற்கிறான். காரணம் எளிது. கணிதத்தில் ஒரு மதிப்பெண் என்பது இயற்பியலில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். (இயற்பியல் ஆசிரியருக்கு இது சற்று வருத்தம் தரும் செய்திதான்!) சமநிலை ஏற்பட்டால் முதலில் கணித மதிப்பெண்ணையே பார்க்கவேண்டும் என்பது விதி. ஆகவே பட்டியலில் செல்வி முன்னே, முருகன் பின்னே. கணிதமும் சமமானால் இயற்பியலைப் பார்ப்பார்கள். அதன் பின்னும் சில அளவுகள் அவ்வாண்டின் கையேட்டில் வரிசையாகக் கூறப்பட்டிருக்கும். எல்லாம் சமமாகிவிட்டால், கணிப்பொறி ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே வழங்கிய 'சமவாய்ப்பு எண்' முடிவு செய்யும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை செய்த கணக்கில் அப்பாவின் தொழிலோ வருமானமோ வீட்டின் அளவோ எங்கும் வரவில்லை. பட்டியல் தயாரிக்கும் கணிப்பொறிக்குப் பணம் என்பதே தெரியாது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரை மதிப்பெண்ணின் வலிமை

வெர்னியர் அளவிக்கு மீச்சிற்றளவு உண்டு என்று படித்திருக்கிறீர்கள். அதைவிடச் சிறிய நீளத்தை அக்கருவியால் அளக்க இயலாது. கட்-ஆஃப் எண்ணுக்கும் மீச்சிற்றளவு உண்டு, அது 0.5. ஏனெனில் இயற்பியலிலோ வேதியியலிலோ ஒரு மதிப்பெண் மாறினால் இவ்வெண் அரை மாறுகிறது.

கணக்குக்காக 2,00,000 மாணவர்கள் 80-க்கும் 200-க்கும் இடையே பரவியிருப்பதாகக் கொள்வோம். இடைவெளி 120, அரை அரையாகப் பிரித்தால் 240 படிகள். சமமாகப் பரவினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 833 பேர். உண்மையில் மாணவர்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை. கூட்டம் மிகுந்த பகுதியில் ஒரே படியில் இதைவிடப் பலர் நிற்பர். அரை மதிப்பெண் கூடினால் அத்தனை பேரையும் ஒரே தாவலில் கடந்துவிடலாம். குறைந்தால் அத்தனை பேருக்கும் பின்னே போய்விடலாம்.

அப்படியானால் 178 பெற்றவர் 177.5 பெற்றவரைவிட அறிவிற் சிறந்தவரா? எந்த அளவீட்டிலும் பிழை உண்டு. அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். விடைத்தாள் திருத்தியவர் ஒரு படியை விட்டிருக்கலாம். அரை மதிப்பெண் வேறுபாடு என்பது அறிவின் வேறுபாட்டைக் காட்டுவதன்று. இருக்கும் இடங்கள் குறைவு, கேட்போர் அதிகம் என்பதால் எங்கேயாவது கோடு போட்டாகவேண்டும், அவ்வளவே. ஆகவே அரை மதிப்பெண்ணில் இடம் தவறியவர் தம்மைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. பெற்றவர் தம்மை மேதை என்று எண்ணவும் வேண்டியதில்லை.

இரண்டு வெப்பமானிகள்

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரும் மத்தியப் பாடத்திட்டத்தில் படித்தவரும் ஒரே பட்டியலில் வரவேண்டும். இருவருக்கும் வினாத்தாள் வேறு. திருத்தும் முறையும் வேறு. ஒரு வெப்பமானி செல்சியசிலும் மற்றொன்று ஃபாரன்ஹீட்டிலும் காட்டினால் என்ன செய்வோம்? ஒன்றை மற்றொன்றாக மாற்றுவோம் அல்லவா? அதுபோல இங்கும் மாற்றுகிறார்கள். தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு முறை வகுத்தது. ஒவ்வொரு பாடத்திலும் இரு திட்டங்களின் முதல் மதிப்பெண்களும் சமம் எனக் கொண்டு, மற்றவற்றை அதே விகிதத்தில் உயர்த்துவது என்பதே அம்முறை.

மாநிலத் திட்டத்தில் இயற்பியலின் முதல் மதிப்பெண் 100. வேறொரு திட்டத்தில் 95 என்க. அத்திட்டத்தில் 76 பெற்ற மாணவருக்கு 76 × 100 / 95 = 80 எனக் கணக்கிடுவர்.

வெப்பமானியை மாற்ற நமக்கு உருகும் பனிக்கட்டி, கொதிக்கும் நீர் என இரண்டு குறிப்புப் புள்ளிகள் வேண்டும். இங்கே மேற்புள்ளி ஒன்றே உண்மையில் ஒப்பிடப்படுகிறது. கீழே இரண்டுக்கும் சுழி என்று வைத்துக்கொள்கிறோம். அந்த மேற்புள்ளியும் ஒரே ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண்ணாக இருக்கலாம். அவர் 95-க்குப் பதில் 100 வாங்கியிருந்தால், 76 பெற்ற நம் மாணவருக்கு 76-தான் மிஞ்சும். அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வில் 2019 முதல் வேறு முறையைக் கையாளுகின்றனர். பல நாட்களில் பல வினாத்தாள்களைக் கொண்டு தேர்வு நடப்பதால், "உம்மோடு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உமக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள்?" என்று கேட்டு, அதனையே மதிப்பாகக் கொள்கின்றனர். குறையே இல்லாத முறை என்று எதுவும் இல்லை. எந்த முறை என்ன எடுகோளின் மேல் நிற்கிறது என்பதை அறிந்திருப்பதே அறிவியல் நோக்கு.

நீர்மட்டம் போன்றது கட்-ஆஃப்

"அந்தக் கல்லூரி 185 வைத்திருக்கிறது" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் எந்தக் கல்லூரியும் அப்படி ஒரு எண்ணை வைப்பதில்லை. அக்கல்லூரியின் அந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் எண் 185 என்பதே அதன் பொருள். ஏரியின் நீர்மட்டத்தை யாரும் ஆணையிட்டு நிறுத்துவதில்லை. வரும் நீரும் போகும் நீரும் சேர்ந்து அதனை நிறுத்துகின்றன. இதுவும் அதுபோலவே. சென்ற ஆண்டு கட்-ஆஃப் சென்ற ஆண்டின் நீர்மட்டம். வினாத்தாள் எளிதாக இருந்தால் மட்டம் உயரும். ஒரு பிரிவின் மேல் மோகம் குறைந்தால் தாழும்.

கலந்தாய்வில் நீங்கள் கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் எழுதித் தருகிறீர்கள். தர வரிசையில் முதலில் இருப்பவருக்கு அவர் கேட்ட முதல் இடம். அடுத்தவருக்கு, மீதமுள்ளவற்றில் அவர் வரிசையில் முந்தி நிற்கும் இடம். இப்படியே போகும். இங்குப் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "இது எனக்குக் கிடைக்காது" என்று தாமே முடிவுகட்டி, மிக விரும்பிய கல்லூரியைக் கீழே எழுதிவிடுகிறார்கள்.

மூன்று மாணவர்கள், மூன்று கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இடம் என்று கொள்வோம். இரண்டாம் இடத்திலுள்ள மாணவிக்குக் கடற்கரைக் கல்லூரிமேல்தான் ஆசை. முதல் மாணவர் அதைத்தான் எடுப்பார் என்று எண்ணி, அவள் மலையடிக் கல்லூரியை முதலில் எழுதுகிறாள். ஆனால் முதல் மாணவரோ ஆற்றங்கரைக் கல்லூரியைக் கேட்டுவிட்டார்! கணிப்பொறி அந்த மாணவிக்கு மலையடியைத் தந்துவிட்டது. கடற்கரை, மூன்றாம் மாணவருக்குப் போய்விட்டது. உண்மையை எழுதியிருந்தால் அவளுக்கே அது கிடைத்திருக்கும். உண்மையான வரிசையை எழுதுவதால் ஒருவருக்கும் நட்டமில்லை; மாற்றி எழுதுவதால் நட்டம் வரக்கூடும்.

இது வெறும் அறிவுரையன்று. நிறுவப்பட்ட கணித உண்மை. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே 1962-ல் ஒரு கட்டுரை எழுதினர். மாணவரும் கல்லூரியும் தத்தம் விருப்பப்படி பொருந்துவது எப்படி என்பதே அதன் பொருள். அத்துறையில் செய்த பணிக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே தர வரிசையை ஏற்கும்போது, அவர்கள் கூறிய முறை நாம் மேலே கண்ட எளிய முறையாகவே ஆகிவிடுகிறது.

பணம் நுழையும் முதல் இடம்: மதிப்பெண்ணுக்கு முன்

சரி, பட்டியலுக்குப் பணம் தெரியாது என்றோம். அப்படியானால் பணத்துக்கு இங்கே வேலையில்லையா? இருக்கிறது. அது வாயிலுக்கு முன்னும், வாயிலிலும், வாயிலைக் கடந்த பின்னும் என மூன்று இடங்களில் நுழைகிறது.

முதலில், மதிப்பெண் உருவாகும் இடம். பள்ளி விட்டதும் தனிப் பயிற்சிக்குப் போகும் மாணவரும், மாடு பிடித்துக் கட்டிவிட்டுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மாணவரும் ஒரே வினாத்தாளையே எழுதுகின்றனர். இருவரும் 178 பெற்றால் அளவு ஒன்று. ஏறிய மேடு வேறு. தமிழ்நாட்டில் 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயன்றவருக்கே அது உதவுகிறது என்ற குறை நெடுநாள் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் 2006-ல் ஒரு குழு ஆராய்ந்தது. அவ்வாண்டுச் சட்டத்தின்படி அத்தேர்வு நீக்கப்பட்டது.

பின்னர் 2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடங்களைத் தனியே ஒதுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயிரம் இடங்களில் 75 இடங்கள் என்று பொருள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை.

ஏழ்மைதான் காரணம் என்றால் வருமானத்தையே அளக்கலாமே, பள்ளியை ஏன் பார்க்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெப்பநிலையை நாம் நேராக அளப்பதில்லை. பாதரசம் நீளுவதைப் பார்த்து அறிகிறோம். மாதச் சம்பளக்காரரின் வருமானம் தாளில் இருக்கிறது. உழவர், கூலித் தொழிலாளி, பெட்டிக்கடைக்காரர் ஆகியோரின் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், கணக்கும் இராது. ஆனால் ஏழு ஆண்டுகள் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது பதிவேட்டில் அழியாமல் இருக்கும். பொய்யாக உண்டாக்குவது கடினம். எனவே பள்ளி இங்கே பாதரசமாகிறது. மறைமுக அளவீட்டுக்கு உரிய குறையும் உண்டு. தனியார் பள்ளியில் கடன்பட்டுப் படிக்கும் ஏழை மாணவர் இந்த அளவில் அகப்படமாட்டார்.

தமிழ்நாட்டில் நடைமுறையிலுள்ள 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது வருமானத்தை அளப்பதன்று. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட சமூகங்களுக்குரிய பங்கை உறுதி செய்வது. 7.5 விழுக்காடும் அந்த ஒதுக்கீட்டின் உட்பிரிவுகளுக்கு உட்பட்டே நிரப்பப்படுகிறது.

இரண்டாம் இடம்: வாயிலிலேயே

சில இடங்களில் பணம் வாயிலிலேயே கேட்கப்படுகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட இடங்கள் கலந்தாய்வின் வழியே நிரம்பும். மீதமுள்ள 'நிர்வாக ஒதுக்கீடு' இடங்களைக் கல்லூரியே நிரப்பிக்கொள்ளும். அங்கே கட்டணம் கூடுதல். அங்கும் அரசு நியமித்த குழு வகுத்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்ற பெயரில் வாங்குவது குற்றம். 1992-ஆம் ஆண்டிலேயே இதற்குத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ரசீது தர மறுக்கும் பணத்தை உங்கள் பெற்றோர் கட்டவேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிராக, ஏழ்மையே வாயிலைத் திறக்கும் முறையும் உண்டு. 2019-ல் செய்யப்பட்ட 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், வேறு இட ஒதுக்கீட்டில் வராத பிரிவினருள் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு வரை ஒதுக்க வழி செய்தது. ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இது நடைமுறைக்கு வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாய்க்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது அதன் எல்லை. எட்டு லட்சம் வரை ஏழையா என்ற விவாதமும் உடன் எழுந்தது. 2022-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் இத்திருத்தம் செல்லும் என்றனர், இருவர் மாறுபட்டனர்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல்கலைக்கழகமே மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாவற்றையும் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும். உதவித் தொகையையும் பெரும்பாலும் அதுவே தரவேண்டியிருக்கும். ஆகவே ஒரு சிக்கல் எழுகிறது: அதிக உதவி தேவைப்படும் மாணவரைச் சேர்த்தால் பல்கலைக்கழகத்துக்குச் செலவு. பல கல்லூரிகள் முடிவெடுக்கும்போது இதனையும் பார்க்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற செல்வம் மிக்க சில பல்கலைக்கழகங்கள், "சேர்க்கை முடிவெடுப்போர் மாணவரின் பண நிலையைப் பார்ப்பதில்லை; சேர்ந்த பின் தேவைப்படும் முழு உதவியையும் தருவோம்" என்று உறுதி கூறுகின்றன; வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும்.

அந்த உறுதியில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனித்தீர்களா? பண நிலையைப் பார்க்காதிருப்பது ஒன்று. தேவையை முழுதும் நிறைவு செய்வது மற்றொன்று. முதல் பகுதி மட்டும் இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் என்ன ஆகும்? கதவு திறந்திருக்கும், உள்ளே போகத்தான் முடியாது.

மூன்றாம் இடம்: வாயிலைக் கடந்த பின்

இது கற்பனையன்று. 2024-ல் நடந்ததைக் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பிரிவில் இடம் பெற்றார். இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் குறித்த நாளில், மாலை 5 மணிக்குள் கட்டவேண்டும். குடும்பம் அலைந்து திரட்டியது. இணைய வழியில் கட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இடம் போயிற்று! அவ்வாண்டுத் தேர்வைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். பின்பு உச்ச நீதிமன்றம் சென்றார். 2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்கு இடம் தர ஆணையிட்டது.

அவருடைய மதிப்பெண்ணில் குறையில்லை. தேர்ந்தெடுத்த முறையிலும் குறையில்லை. குறுக்கே நின்றது 17,500 ரூபாய். அதுகூட அன்று, அந்த நேரத்தில் கையில் இருந்ததா என்பதே கேள்வியாயிற்று. எல்லோராலும் உச்ச நீதிமன்றம் வரை போக இயலுமா?

இத்தகைய தடைகளை நீக்கவே பல உதவித் திட்டங்கள் உள்ளன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்பவர் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2010-ல் தொடங்கியது. பொறியியலில் 7.5 விழுக்காட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-லும், மாணவருக்கு அதே தொகை தரும் திட்டம் 2024-லும் தொடங்கின. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவித் தொகையும் உண்டு.

ஐ.ஐ.டி.களில் 2016-ல் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2,00,000 ரூபாயாக உயர்ந்தபோது ஒரு விதி வகுக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழிருந்தால் முழு விலக்கு. 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. நல்ல விதிதான். ஆனால் இதன் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். அது சாய்தளமாக இராது, படிக்கட்டாக இருக்கும். வருமானம் 4,99,000 உள்ள குடும்பம் கட்டவேண்டியது சுமார் 66,667 ரூபாய். 5,01,000 உள்ள குடும்பம் கட்டவேண்டியதோ 2,00,000 ரூபாய்! வருமானத்தில் 2,000 கூடியதற்குக் கட்டணத்தில் 1,33,333 கூடிவிட்டது. எல்லைக்கோட்டின் மேல் ஓர் அங்குலம் நிற்பவரே எப்போதும் அதிகம் துன்புறுவார். வருமானம் உயர உயர உதவி சிறிது சிறிதாகக் குறையும் சாய்தளமே நேர்மையானது. ஆனால் அதற்கு வருமானத்தைத் துல்லியமாக அளக்கவேண்டும். அளவீடு எவ்வளவு அடிப்படையானது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கண்ணுக்குத் தெரியாத கழித்தல்

ஓராண்டுப் படிப்பின் செலவைச் சமன்பாடாக எழுதுவோம்:

மொத்தச் செலவு = கல்விக் கட்டணம் + தேர்வுக் கட்டணம் + புத்தகம், கருவிகள் + பேருந்து அல்லது விடுதி + வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலி

பெரும்பாலான சலுகைகள் முதல் உறுப்பை மட்டுமே கழிக்கின்றன. மற்ற நான்கும் அப்படியே நிற்கின்றன. அவற்றுள் கடைசி உறுப்பு எந்த ரசீதிலும் வராது. ஏழை வீட்டில் அதுவே எல்லாவற்றிலும் பெரிய தொகையாக இருப்பதும் உண்டு.

இதனால் விளைவது என்ன? கட்-ஆஃப் 190 பெற்ற மாணவி வீட்டில் உட்கார்ந்து விருப்ப வரிசை எழுதுகிறாள். வெளியூரில் சிறந்த கல்லூரி இருக்கிறது. ஆனால் விடுதிச் செலவு தாங்காது. எனவே பேருந்தில் போய்வரக்கூடிய கல்லூரியை முதலில் எழுதுகிறாள். கணிப்பொறி அவள் கேட்டதைத் தந்துவிடுகிறது. "முதல் விருப்பமே கிடைத்துவிட்டது" என்று கணக்கில் பதிவாகும். பட்டியலுக்குப் பணம் தெரியாதுதான். பட்டியலை நிரப்பிய கைக்குத் தெரியும். ஆகவே சேர்க்கை முறை நேர்மையாக நடந்தது என்பதாலேயே விளைவும் நேர்மையானது என்று முடிவு கட்டிவிட முடியாது. இதனை அறிந்தவர்களே நாளை இதைவிட நல்ல முறையை வகுக்க முடியும்.

நீங்கள் செய்யவேண்டியவை

முதலாவது: சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறுங்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: விருப்ப வரிசை எழுதும் முன் உதவித் திட்டங்களைக் கணக்கிடுங்கள். விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும் என்பதை அறியாமல், தொலைவிலுள்ள நல்ல கல்லூரியை ஒருவர் விட்டுவிட்டால் அது எவ்வளவு பெரிய இழப்பு! திட்டங்களும் தொகைகளும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. அவ்வாண்டுக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள்.

மூன்றாவது: கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்ச ரூபாய் வரையுள்ள கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. ஆனால் கடன் உதவித் தொகையன்று. 2,00,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு தனிவட்டி என்று கொண்டால், ஐந்தாண்டில் வட்டி மட்டும் 1,00,000. முதலில் சலுகை, அடுத்து உதவித் தொகை, கடைசியில்தான் கடன் என்ற வரிசையை மறக்காதீர்கள்.

நான்காவது: கட்டணம் கட்டக் கடைசி நாள், கடைசி மணி வரை காத்திருக்கவேண்டாம். பணம் குறைந்தால் வெட்கப்படாமல் முன்பே பள்ளித் தலைமையாசிரியரிடமோ சேர விரும்பும் கல்லூரியிலோ சொல்லுங்கள். தேவையைச் சொல்வதால் தர வரிசையில் ஒரு படிகூட இறங்கமாட்டீர்கள்; தர வரிசைக்குப் பணம் தெரியாது என்று முன்பே கண்டோமல்லவா?

செய்து பாருங்கள்

வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு மூன்று பாட மதிப்பெண்களைத் துண்டுத் தாளில் எழுதிக் குலுக்குங்கள். 200-க்குக் கணக்கிட்டுத் தர வரிசை தயாரியுங்கள். பின்னர், மூன்று பாடங்களுக்கும் சம மதிப்பளித்து மீண்டும் தயாரியுங்கள். எத்தனை பேரின் இடம் மாறுகிறது என்று எண்ணுங்கள். அடுத்து, ஐந்து கற்பனைக் கல்லூரிகளுக்கு ஆளுக்கொரு விருப்ப வரிசை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்கள் வைத்து, தர வரிசைப்படி நிரப்புங்கள். இறுதியாக, விடுதிச் செலவு இல்லை என்று வைத்துக்கொண்டு அனைவரும் மறுபடியும் வரிசை எழுதுங்கள். யார் யாருடைய வரிசை மாறிற்று? அந்த மாற்றமே, மதிப்பெண் பட்டியலில் தெரியாத பணத்தின் அளவு.